முன்னால் போய்ச் சொல்ல ஓடினேன்

என் மகள் ஐஸில் ஓடுகிறவள். காலில் நீளக் கத்தி பூட்டிய சப்பாத்து, ஒரு நேரத்தில் இரண்டு பெண்கள், மூவாயிரம் மீற்றர். ஒவ்வொரு சுற்றிலும் உள் தடத்தில் ஓடுகிறவள் வெளியே வரவேண்டும், வெளியே ஓடுகிறவள் உள்ளே போகவேண்டும். அவர்கள் அப்படி மாறும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். முந்தின பருவத்தில் ஒரு பிள்ளை அந்த இடத்தில்தான் விழுந்தாள். மற்றவளின் கத்தி அவளுடைய தொடையில் ஏறியதை நான் கண்ணால் கண்டேன்.

டாவோஸில் மகளுக்கு முதலாவது சர்வதேசப் போட்டி. லுசேர்ண் ஹோட்டல் சமையலறையில் லீவு எடுத்துக்கொண்டு போய் வேலியோடு ஒட்டி நின்றேன். தொடக்கக் கோட்டுக்குப் போக அவள் என்னைக் கடந்தாள். அப்போதுதான் பார்த்தேன், வலது சப்பாத்தின் கணுக்கால் பட்டி கழன்று தொங்கியது.

கூப்பிட வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். வெளிக்கிட்டுப் போகிறவளைப் பின்னால் கூப்பிடுவதா? கடைக்குப் பால் வாங்கப் போகிறவரைக்கூட எங்கள் வீட்டில் பின்னால் கூப்பிடமாட்டோம். கத்தியில் ஏறி நிற்கிறவளையா கூப்பிடுவேன்? முன்னால் போய்ச் சொல்வோம் என்று வேலியோரம் ஓடினேன். சுவிஸ்காரர்கள் என்னை விசரி என்று நினைத்திருப்பார்கள். நெஞ்சைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, தடம் மாறும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது ஓட்டம் தொடங்கும் வெடி கேட்டது.

அன்றைக்குக் கண்ணை மூடவும் பயமாக இருந்தது. அந்தப் பட்டி கத்தியில் சிக்கினால்? அவள் சாய்ந்து திரும்பும் போதெல்லாம் அந்த வலது காலையே பார்த்தேன். தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன், முன்னாலா பின்னாலா என்று பார்க்கவில்லை. அவளோ சுற்றுக்குச் சுற்று தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தாள். நேரே பார்த்து ஓடடி என்று பல்லைக் கடித்தேன். மற்றப் பெண் எவ்வளவோ முன்னால் போய்விட்டாள்.

விழாமல் முடித்தாள். முடித்ததும் நேரே வேலிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பட்டி கழண்டு கிடக்கு, பிள்ளை!"

"அது தெரியும். உள்ளுக்க லேஸ் இறுக்கமாத்தான் இருக்கு. உங்களுக்கு என்னம்மா? நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு ஓடினியள். விழுந்திட்டியளோ எண்டு ஒவ்வொரு சுற்றும் பாத்துக்கொண்டுதான் ஓடினனான்."



"தடம் மாறேக்கையுமோ பாத்தனி?"

"ஓம். அங்கதானே நீங்கள் நிண்டனியள்."