பாதி முகமும் ஒரு தோடும்

குருநகர்க் கனிசியஸ் கலியாண வீடியோ எடுக்கிறவர். முகத்துக்கு நேரே வெளிச்சத்தை அடிக்கவேண்டும், வந்தவர் ஒருவரையும் விடக்கூடாது, நகை தெரியவேண்டும். கனடாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு வேறென்ன தேவை? அவரும் அப்படியே எடுத்துக் காலம் தள்ளினார்.

வீட்டில் பார்ப்பது வேறு. ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப்படம். ஆங்கிலம் விளங்காததால் முகங்களையும் வெளிச்சத்தையுமே பார்த்துப் பார்த்து ஊறிப்போனவர். புருசனைக் கொன்றவள் பொலிஸ்காரனுக்கு முன்னால் இருப்பாள். ஜன்னல் சட்டங்களின் நிழல் அவள்மேல் கோடுகோடாய் விழும். பாதி முகம் இருட்டு. கமரா அசையாது. அவளும் அழமாட்டாள், கையுறையை விரல் விரலாய்க் கழற்றுவாள்.

புத்தூரில் நிவேதனாவின் கலியாணம். தாலி ஏறி, மணப்பொம்பிளை தாயின் காலில் விழுந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. பக்கக் கதவால் வந்த வெளிச்சத்தில் தாய் சிவக்கொழுந்தின் பாதி முகம் மட்டும் தெரிந்தது. கனிசியஸ் மூச்சை அடக்கிக்கொண்டு கமராவை அங்கேயே பிடித்தார்.

வீடியோ பார்க்க வந்த சிவக்கொழுந்து கொதித்துப்போனார்.

"தம்பி, என்ரை மற்றக் காது எங்கை?"

"இருட்டுக்குள்ளை இருக்கு அக்கா."

"அண்ணை ரொறன்ரோவிலை இருந்து அனுப்பின தோடு! ஒண்டை வித்துப்போட்டன் எண்டெல்லோ நினைப்பார். அந்த இடத்தை வெட்டும்."

கனிசியஸ் தன் ஆயுளில் எடுத்த ஒரே நல்ல காட்சி அது. வெட்ட அவருக்குக் கை வரவில்லை.

"அக்கா, நான் வீட்டிலை பாக்கிற கொலைப்படத்திலை ஒரு துண்டு போடுறன். பாத்திட்டுச் சொல்லுங்கோ, வெட்டுறன்."

சிவக்கொழுந்து பார்த்தார். குடிக்கக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"உவள்தான் கொலைகாரி."

"பாசை விளங்கினதோ?"

"பாசை என்னத்துக்கு? வாயைப் பாரும், என்ன இறுக்கு இறுக்கிறாள். ஆனா சின்னவிரல் நடுங்குது."

கனிசியஸ் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நடுங்கியதுதான். இத்தனை தரம் பார்த்தும் அது அவர் கண்ணில் படவில்லை.

"இனி என்னைப் போடும்."

திரையில் மகள் எழும்பிவிட்டாள். தாயின் கை மட்டும் அவள் தலை இருந்த உயரத்திலேயே நின்றது. சிவக்கொழுந்து திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"கையை எடுக்க மறந்துபோனன் என்ன?"

"ஓம் அக்கா."

"அண்ணைக்கு அனுப்புறதிலை வெட்டும். எனக்குத் தாறதிலை தொடாதையும்."

அண்ணைக்கு அனுப்பிய பென்ட்ரைவில் கனிசியஸ், கரண்ட் இருந்தபோது எடுத்த இரண்டு காதையும் தோட்டோடு பெரிதாக்கிப் போட்டார், ஒவ்வொன்றாக.