ரீசெட் பட்டனும் வேப்பெண்ணெயும்

உயிரில்லாத நோயாளியைப் படுக்க வைத்து எழுப்புவதுதான் என் பிழைப்பு. மருத்துவக் கல்லூரியில், ஆபரேஷன் படிக்கும் டாக்டர்கள் முதலில் கை பழகும் கம்ப்யூட்டர் மெஷினுக்கு நான் டெக்னீஷியன். ஆரணியில் பஸ் ஏறினால் கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டுதான். பிறகு யார் எத்தனை தப்பு செய்தார்கள் என்று நாளெல்லாம் மார்க் போட வேண்டும். அடுத்தவர் கற்றுக்கொள்ளும் இடத்தில் வேலை பார்ப்பவர்களே, என் அலுப்பு உங்களுக்குத்தான் புரியும்.

செத்தவர் எழுவார்

திரையில் பித்தப்பையை எடுக்க வேண்டும். தப்பான குழாயை வெட்டினால் திரை சிவந்துவிடும். நான் ரீசெட் அமுக்குவேன்; செத்தவர் புதிதாக வந்து படுத்துக்கொள்வார். புதிதாகச் சேர்ந்த டாக்டர் கோமதி ஒரே காலையில் ஐந்து பேரைக் கொன்றார். ஆறாவது ஆளைப் போட்டுத் தந்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்த ஆளுக்குக் குடும்பம் இல்லன்னு நெனச்சிகினுதான்கா செய்றேன், அப்பவும் தப்பான கொழாதான் அறுபடுது.”

மார்க் போட்ட பாவம்

கோமதிக்கு ஊர் முள்ளிப்பட்டு, வீட்டில் தறி. சின்ன வயதிலிருந்தே அறுந்த பட்டு இழைக்கு முடிச்சுப் போட்ட விரல்கள். ரப்பர் தோலில் தையல் போடும் வகுப்பில் அவர் முடிச்சுக்கு யாரும் கிட்ட வர முடியாது. முழு மார்க் போட்டேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் முன்னால் அவர் விரல் எச்சில் தொட வாய்க்குப் போகும், கையுறையோடு. அதற்கு என் தாளில் கட்டமே கிடையாது. டாக்டரிடம் போய்ச் சொல்லவோ தைரியம் இல்லை. ‘எஸ் சிஸ்டர்’ சொல்லியே கான்வென்டில் வளர்ந்தவள் நான்.

அப்புறம் என் மூன்று வயதுப் பையனுக்கு ஹெர்னியா என்றார்கள். ஆபரேஷன் பெரிய டாக்டர் செய்வார், தையல் கோமதி போடுவார். தையலையும் நீங்களே போடக் கூடாதா என்று பெரிய டாக்டரிடம் மென்று விழுங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். “நீங்க போட்ட மார்க்கைப் பாத்துதாம்மா அந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன்.”

கசப்பு

பையன் கட்டைவிரல் சூப்பினால் வேப்பெண்ணெய் தடவுவேன். வேறு வழி தெரியவில்லை, வகுப்புக் கையுறைகளின் நுனியிலும் தடவி வைத்தேன். முதல் முடிச்சிலேயே கோமதியின் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தியேட்டரில் மாஸ்க் இருந்தாலும், அதைத் தொட்டால் கை அசுத்தம்தானே என்றேன். புகார் எழுதுவார், வேலை போகும் என்று நின்றேன். அவர் கையுறை நுனியை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வாய்க்குப் போறது எனக்கே தெரியலக்கா, எங்க வூட்ல எல்லாரும் எச்சில் தொட்டுத்தான் இழைய முடிவாங்க.”

அன்றிலிருந்து தினமும் அவரே கேட்டு வாங்கித் தடவிக்கொண்டார்.

கதவுக்கு வெளியே

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் ஜெபமாலையைப் பிடித்திருந்தேன். ஒரு மணிகூட நகரவில்லை. கதவு திறந்து கோமதி வந்தார். பையன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, மாஸ்க்கை இறக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “முடிச்சு போடறப்போ எண்ணெ தடவாமலே வாயெல்லாம் கசந்துச்சுக்கா. கை மாஸ்க் பக்கம் போகவே இல்ல.”

ஊரில் இருக்கிற டாக்டர்களுக்கெல்லாம் பயிற்சிக்கு மெஷின் வைத்தவர்கள், ரீசெட் பட்டன் இல்லாத கதவுக்கு வெளியே உட்காரும் அம்மாக்களுக்கும் ஒன்று வைத்திருக்கலாம்.