சின்னம்மா வைத்த மருந்து

என் வாய் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த கதையை எங்கள் வீட்டில் இன்றும் யாரும் எடுப்பதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, அதாவது என் சின்னம்மா, கிள்ளானில் எங்களோடுதான் இருந்தார். காப்பாரிலிருந்து அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "போட்டோல இன்னும் கொஞ்சம் கலரா தெரிஞ்சிச்சு" என்றார். கோபமில்லை, குத்தலும் இல்லை. மீன் விலையைச் சொல்வது போலச் சொன்னார். சின்னம்மா சிரித்தபடி கையசைத்துவிட்டு உள்ளே வந்து, கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனார். ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த அழகு நிலையத்து அக்கா, பெயர் ஒட்டாத சின்ன டப்பாவில் மஞ்சள் நிறக் கிரீம் கொடுத்தார். "இது மேக்கப் இல்லலா, மருந்து கலந்தது. தோல் உரிஞ்சா பயப்படாதீங்க. உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்." கீழே இறங்கியதும் சின்னம்மா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கித் தந்து, அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்றார். நான் அவ்வளவு மலிவாக விலைபோனேன்.

இரண்டே வாரத்தில் சின்னம்மா பளபளத்தார். பார்த்தவர்கள் எல்லாம் கல்யாணக் களை என்றார்கள். இரண்டு மாதத்தில் கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. வெயில் பட்டால் சிவந்தது, தண்ணீர் பட்டால் எரிந்தது. பயந்து நிறுத்தினார். மூன்றாம் நாள் முகமெல்லாம் கொப்புளம். மறுபடி பூசினார், அடங்கியது. மேலே பவுடரை அப்பிக்கொண்டார். அறைக் கதவுக்குள் நடந்த இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். தொண்டையில் முள் சிக்கியது போல அதை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கு. வாசலில் கெமா என்கிற கூடாரம் போட்டு, அதன் நிழலில் சின்னம்மாவை உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் மஞ்சளும் சந்தனமுமாக வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து அவர் கன்னத்தில் பூசினார்கள். முதல் ஆள் பூசும்போதே சின்னம்மாவின் கால்விரல்கள் சுருண்டன. பக்கத்தில் நின்ற என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாலாவதாக வந்த அம்மாள் பாத்திரம் துலக்குவது போலத் தேய்த்தார். சின்னம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. "வீட்ட விட்டுப் போறாளே, அழத்தான் செய்வா" என்றார் ஒருவர்.

என்னால் தாங்க முடியவில்லை. "ஆன்டி, பூசாதீங்க. சின்னம்மா மருந்து வெச்சிருக்காங்க" என்று கத்திவிட்டேன்.

காயத்துக்கு மருந்து வைப்போமே, அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன். ஆனால் கல்யாண வீட்டில், நாலு பெரியவர்கள் காதில், பெண் மருந்து வைத்தாள் என்றால் ஒரே அர்த்தம்தான். சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்து மாப்பிள்ளையை மயக்கிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அத்தை மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கலரு பத்தாதுன்னு நாங்க சொன்னப்பவும் இவதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னானே. இப்பதான் புரியுது" என்றார். விளக்கிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் சத்தம் வரவில்லை. யாரோ கைப்பேசியை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணம் போயிற்று, என்னால்தான் போயிற்று என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "என்ன மருந்து? போய் எடுத்துட்டு வாம்மா" என்றார்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். பெயரில்லாத டப்பாவைக் கண்டதும் அத்தைக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சின்னம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"இது மூஞ்சிக்குப் பூசுற கிரீம். சின்னப் புள்ள, மருந்துன்னு சொல்லிருச்சு. அந்தப் போன கீழ வை" என்றார் அவர்.

பிறகு குளிர்ந்த தண்ணீரும் மெல்லிய துணியும் கேட்டு வாங்கினார். "தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும்" என்று தனக்குள் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே மஞ்சளை எடுத்தார். குனிந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவின் முகத்தில் வியர்வை வழிந்து பவுடர் கரைந்தது. அடியில் நூல் நூலாகச் சிவப்புக் கோடுகள். வயதானால் அப்படித்தான் வரும்போல என்று நினைத்தேன். மீதி நலங்கைக் கையிலும் காலிலும் வைக்கச் சொன்னார். டப்பாவைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் கல்யாணம் நடந்தது.

சில வாரம் கழித்து அவரே சின்னம்மாவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். கவுண்டரில் அவர் இரண்டு நம்பர் எடுத்தார். இரண்டாவது எனக்குத்தான், வாய்க்கு ஊசி போடப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். முதல் நம்பருக்குச் சின்னம்மா போய் வந்தார். அடுத்ததைக் கூப்பிட்டதும், கன்னத்துச் சிவப்புக் கோடுகளைத் தடவிக்கொண்டே எழுந்து போனது மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு ஊசி இல்லை என்ற சந்தோஷத்தில், அவர் ஏன் போகிறார் என்று நான் கேட்கவே இல்லை.