பரஸ்தானம் வைத்த மறுநாள்

மதுரையில் மேலமாசி வீதிப் பக்கம் ஹாலாஸ்யம் ஸாரின் புத்திமதிக்குத் தப்பியவர்கள் குறைவு. பள்ளிக்கூட வாத்தியார். வெற்றிக்கு வழி சொல்லும் மலிவுப் பதிப்பு இங்கிலீஷ் புஸ்தகங்களைப் படித்துவிட்டுக் காது புளிக்கச் சொல்வார். தயங்காதே, எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைக்காதே என்பதுதான் சாரம். இதையெல்லாம் கடைப்பிடித்தும் தாம் ஏன் வருஷக்கணக்காக அதே மூன்றாம் வகுப்பு நாற்காலியில் இருக்கிறோம் என்று அவர் யோசித்ததில்லை.

லீவு விட்டால் குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ரயிலில் போனால் ஊர் கண்ணில் படாது என்பது அவர் கட்சி. ஒரு தடவை கொட்டாம்பட்டி தாண்டியபிறகு, துணி மூட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. திரும்ப மாட்டேன் என்றுவிட்டார். கட்டின துணியோடு ஊர் சுற்றியதை மனைவி அனந்தலக்ஷ்மி சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்போது சிரிக்க முடிந்தது.

யுத்த காலம் வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள் ஜானுவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர இருவரும் போனார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை அனுப்புவதில்லை என்றார்கள் சம்பந்தி வீட்டில். அதற்கும் வழி உண்டே. வியாழக்கிழமையே நல்ல வேளையில் ஜானுவின் பெட்டியை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்போதே பிரயாணம் புறப்பட்டதாக அர்த்தம். பரஸ்தானம் என்பார்கள். சாஸ்திரத்தைப் பரிகாசம் செய்கிற ஹாலாஸ்யம், வசதிப்பட்டபோது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜானுவுக்கு இடுப்பு வலித்தது. இன்றைக்கு இருக்கட்டுமே என்றாள் சம்பந்தி அம்மாள். நேற்றே புறப்பட்டாயிற்று, புறப்பட்டவர்கள் பின்வாங்கக் கூடாது என்றார் இவர். சாஸ்திரமும் முன்னேற்றமும் ஒரே வாயில் சேர்ந்துகொண்டால் யார் எதிர்த்துப் பேசுவது?

அம்மையநாயக்கனூரில் கரி போட வண்டி நின்றபோது, ஜானு அம்மாவின் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் சோணைமுத்து எட்டிப் பார்த்தான்.

"சாமி, எதுத்தாப்ல திண்டுக்கல் வண்டி நிக்குது, ஏத்திவிடுறேன். மதுரைக்கு இன்னும் எம்புட்டோ கெடக்கு. இந்த வண்டிய நம்பாதீக."

"ஏன்னா, திரும்பிடலாம்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

ஹாலாஸ்யத்துக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தைரியத்தைப் பற்றி ஊருக்கே சொன்ன மனுஷர், எல்லார் முன்னாலும் இறங்கித் திரும்புவதா? கொஞ்சம் பொறுத்துக்கோ என்று மகளைத் தட்டிக்கொடுத்தார். எதிர் வண்டி கிளம்பிப் போயிற்று.

வாடிப்பட்டி தாண்டி, சமயநல்லூர் வருவதற்குள் பொட்டல் வெயிலில் வண்டி அணைந்துவிட்டது. கரியை ஊதிவிடும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிச் சோணைமுத்துவின் கை ஓய்ந்தது. வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த மலையம்மாள் கூக்குரல் கேட்டு ஓடிவந்தாள். சேலையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, பஸ்ஸின் நிழலில் குழந்தையை எடுத்தாள். ஆண் குழந்தை. அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், வாயில் ஊதினாள்; அழவே இல்லை. ஹாலாஸ்யம் நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜானு பிழைத்தாள். அவள் அப்பாவை வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதன்பிறகு புத்திமதி கேட்டு வந்தவர்களை, உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டார். சிலர் மறுபடி வந்தார்கள். பிறகு அவர்களும் நின்றுவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஜானு மறுபடி உண்டாகியிருந்தாள். அழைக்கப் போனார்கள், ரயிலில்தான். அம்மாவை உள்ளே அழைத்துக்கொண்ட ஜானு, அப்பாவைக் கூடத்தில் உட்காரச் சொன்னாள். தான் உள் கதவைத் தாண்டி வரவில்லை.

"நான் வரலைப்பா. பிரசவம் ஆகறவரைக்கும் நீங்களும் இங்கே வராதீங்கோ. உங்களைப் பார்த்தாலே அந்தப் பொட்டல்தான் கண்ணுல நிக்கறது."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள்.

"சரிம்மா" என்றார் ஹாலாஸ்யம். எழுந்து, வந்த வழியே திரும்பினார்.