மூன்று மணிக் கிளாஸ்

எங்கள் தோட்டத்து மனமகிழ் மன்றத்தின் செயற்குழு சென்ற வாரம் அவசரமாகக் கூடி, ஒன்றே முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவை எடுத்தது. இரங்கல் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் வழங்கப்படும். அதில் உப்பு, சீனி இரண்டும் போடப்படும். தேயிலைத் தோட்டத்துக் கூட்டம் ஒன்றில் தேநீர் இல்லாமல் போவது இதுவே முதல்முறை என்பதால் எதிர்ப்பு இருந்தது. இருவர் குளிரைக் காரணம் காட்டினார்கள். ஒருவர் நடுநிலை வகித்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நான் குறிப்பெழுதினேன்.

அதற்கு முந்தைய நாள்தான் செய்தி வந்தது. இலை லாரி ஓட்டும் சுப்பையா அலுவலக ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே சொன்னார்.

"கிராணி ஐயா, டிரஸரு போய்ட்டாரு. காலைல, கீழ ஆஸ்பத்திரில. ஆப்பரேஷனுக்குன்னு நேத்து ராத்திரிலேருந்து தண்ணி குடுக்காம வச்சிருந்தாங்களாம். அவரு ஒரு வாட்டிகூட கேக்கலியாம்."

பிறகு எஞ்சினை அணைத்தார்.

ஞானமுத்து எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்தவர். டாக்டர் மாதம் இருமுறை வருவார். மற்ற நாட்களில் எங்கள் நோய்கள் ஞானமுத்துவின் அனுமதியோடுதான் நடமாடின. ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா ஊரிலிருக்கும் தேவாலயத்துக்குப் போவார். மற்ற ஆறு நாளும் விதிகளை வணங்குவார். எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை என்று சுவரில் ஒட்டியிருந்ததை மீற யாராலும் முடிந்ததில்லை. பேய் பிடித்ததென்று யாரையாவது கூட்டிவந்தால், "அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்ல. அதனால அது நம்ம இலாகா இல்ல" என்று அனுப்பிவிடுவார். அந்த இலாகாவை அவர் பிற்காலத்தில் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதை அவரை அறிந்தவர்களுக்குக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால், அதை முழுதாகப் பார்த்த பெரியவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் மட்டும்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பிற்பகல், எங்கள் இலை லாரி ரிங்லெட் சாலையின் கல்லுக்கட்டு வளைவில் பனிமூட்டத்துக்குள் போய், சரிவில் இறங்கிவிட்டது. ஓட்டியவர் ராமையா. நிதானமான மனிதர். தேநீர்க் கடையில் குடித்து முடித்தால் தன் கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போகிறவர். ஞானமுத்து மருந்துப் பையோடு சரிவில் இறங்கினார். நான் அப்போது சின்னக் கிராணி. குடை பிடிக்கப் பின்னால் இறங்கினேன். ராமையா தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தார். உடம்பில் வெளிக்காயம் அதிகமில்லை. இடது காலில் சிலிப்பர் இல்லை. நாங்கள் தேடியும் அது கிடைக்கவில்லை.

"ஐயா, தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

வயிற்றில் அடிபட்டவருக்கு ஆப்பரேஷன் தேவைப்படலாம், வாயில் எதுவும் ஊற்றக்கூடாது என்பது விதி. ஞானமுத்து துணியை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தார். "கொஞ்சம் பொறுத்துக்க ராமையா. வண்டி வந்துரும்." பனியில் வண்டி வர நேரமாயிற்று. அதுவரை ராமையா கேட்டுக்கொண்டேயிருந்தார். குரலை உயர்த்தாமல், கடைக்காரரிடம் கேட்பதுபோல. என் தோளில் தேநீர்ப் பிளாஸ்க் தொங்கியது. நான் அதை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன். வண்டி வந்தபோது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

பின்னர் டாக்டர், ஞானமுத்து செய்தது சரிதான் என்றார். ஞானமுத்துவுக்கும் அது தெரியும். அன்றிலிருந்து அவர் மருந்தகத்தில் பேசுவது பாதியாகக் குறைந்தது.

அடுத்த சில வாரங்களில் அந்த வளைவு பேச ஆரம்பித்தது. பனி இறங்கிய பிறகு அங்கே நடந்துபோனால் பின்னாலிருந்து யாரோ மரியாதையாக "தண்ணி இருக்கா?" என்று கேட்பதாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சொன்னார்கள். ராமையா தண்ணீர் கேட்ட கதையை நானோ ஞானமுத்துவோ டாக்டரைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பெண்கள் அரை மைல் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் வந்தார்கள். கொழுந்து தாமதமாக வருவதற்குக் காரணம் வானிலை என்று தோட்ட நிர்வாகியான துரை மேலிடத்துக்கு எழுதினார். பிள்ளைகள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைவிட்டு வெளியே விளையாடப் போகக்கூடாது என்றானது. ராமையாவின் மகள் தவமணிக்கு அப்போது பத்து வயது. குழாயடியில் மற்றப் பிள்ளைகள் அவளிடம், "போடி, உங்கப்பா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு, கொண்டுபோய்க் குடு" என்பார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். மருந்தக ஜன்னலிலிருந்து குழாயடி நன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், லயத்துக்குள் அடைபட்ட பிள்ளைகள் ஏழு பேர் எலுமிச்சை ஜூஸ் கடை போடுவதென்று கிளம்பினார்கள். மலை பார்க்க வரும் கார்க்காரர்களுக்கு விற்பது திட்டம். ஆலோசனைக் கூட்டம் மருந்தக வராந்தா பெஞ்சில் நடந்தது. பதினெட்டு டிகிரிக் குளிரில் ஜூஸ் விற்கும் திட்டத்துக்கு நான் ஆலோசகனாக நியமிக்கப்பட்டேன்.

"ஐஸ் போடணும்லா," என்றான் கணேசன். எட்டு வயது, கூட்டத்தின் தலைவர் தானே என்று அறிவித்திருந்தான்.

"இந்தக் குளிர்ல ஐஸா? குடிச்சவன் நேரா எங்கிட்டதான் வருவான்," என்றார் ஞானமுத்து, உள்ளேயிருந்து மாத்திரை எண்ணியபடி.

"அப்ப நல்லதுதானே டிரஸரையா. ரெண்டு கடைலயும் வியாபாரம்."

ஐஸ் நிராகரிக்கப்பட்டது. உப்பா சீனியா என்பதில் பிளவு ஏற்பட்டது. உப்பும் புளிப்பும் ஏறிய காய்ந்த பழமான அசாம்போயை ஒவ்வொரு கிளாஸிலும் ஒன்று போட்டால் கார்க்காரர்கள் தேடி வருவார்கள் என்றும், அது ரிங்லெட்டில் சீனத் தவுக்கேயின் மளிகைக் கடையில் கிடைக்கும் என்றும் ஒரு சிறுமி சொன்னதும் சமரசம் உண்டானது. பலகையில் "குளிர்ச்சியான ஜூஸ்" என்று எழுதவேண்டாம், குளிர்ச்சி இலவசமாகவே கிடைக்கிறது என்று நான் சொன்னதைக் கூட்டம் ஏற்றது. மிஞ்சியது இடம்.

"ஃபேக்டரி கேட்டுக்கிட்ட," என்றான் கணேசன்.

"வளைவுல," என்றாள் தவமணி. அன்று அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "அங்க யாரும்மா வருவா?" என்றேன்.

"அங்கதான் கேக்குறாங்க."

உள்ளே மாத்திரைகள் விழும் சத்தம் நின்றது. ஞானமுத்து கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்து தவமணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிதான்," என்றார். "கடைன்னா கேக்குற ஆளு இருக்கற எடத்துலதான் போடணும். வளைவுதான். கிராணி, எழுதிக்க."

பிறகு அவர் லயம் லயமாகப் போனார். பிள்ளைகளுக்கு மலைக்காற்றும் வைட்டமினும் தேவை, இது டிரஸர் உத்தரவு, தானே கூட இருப்பேன் என்றார்.

"பேய் புடிச்சா என்ன பண்றது டிரஸரையா?" என்று ஒரு தாய் கேட்டார்.

"புடிச்சா எட்டு மணிக்கு மருந்தகத்துக்குக் கூட்டியா. சீட்டு எழுதித் தரேன்."

அவருடைய இலாகா அன்று விரிவடைந்தது.

கடை நன்றாகவே நடந்தது. ஈப்போவிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் வளைவுகளில் தலைசுற்றி, எங்கள் வளைவுக்கு வரும்போது எலுமிச்சையைக் கண்டு வண்டியை நிறுத்தினார்கள். சாலை ஓரத்தில் நின்றபடி குடித்தார்கள். மூன்று மணிவாக்கில் பனி சரிவிலிருந்து ஏறிவரும். அப்போது கடை கட்டுவது ஏற்பாடு. முதல் நாள் கட்டும்போது தவமணி ஒரு கிளாஸ் ஊற்றி, கூடுதலாக ஒரு கரண்டி சீனி போட்டு, வளைவின் ஓரக்கல்லில் வைத்துவிட்டு வந்தாள்.

"அது யாருக்கு? காசு யாரு குடுப்பா?" என்றான் கணேசன்.

ஞானமுத்து பத்துக் காசை எடுத்துக் கல்லாவாக வைத்திருந்த பால்டின்னில் போட்டார். தினமும் போட்டார்.

மறுநாள் வரும்போது அந்தக் கிளாஸ் காலியாக இருக்கும். குரங்கு, எறும்பு, காற்று என்று நான் மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். கிளாஸ் கழுவிக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்ததற்கு அந்த மூன்றும் போதவில்லை. ஞானமுத்துவைச் சந்தேகித்தேன். அவரிடமே கேட்டபோது, என்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

இரண்டாவது வாரம் ஒருநாள் பனி இரண்டு மணிக்கே வந்துவிட்டது. மேசையின் மறுமுனை தெரியவில்லை. பிள்ளைகள் அவசரமாகக் கிளாஸ்களைக் கூடையில் அடுக்கினார்கள். அப்போது சாலையிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"தண்ணி இருக்கா?"

கணேசன் என் வேட்டியைப் பிடித்தான். பிள்ளைகள் யாரும் ஓடவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாததால் இருக்கலாம். ஞானமுத்து மருந்தகத்தில் பேசும் அதே குரலில் சொன்னார்: "இருக்கு. வரிசையில வாங்க."

பனியைவிட்டு ஒருவர் வெளியே வந்தார். தகர டின் வைத்திருந்தார். கார் ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். கணேசன் வேட்டியை விட்டான். டின்னில் தண்ணீர் நிரப்பும்போது அந்த மனிதர் பேச்சுவாக்கில் சொன்னார்:

"முன்னாடி நடந்து போனாரே ஒருத்தரு, அவருதான் இங்க கேளுங்க குடுப்பாங்கன்னாரு. தானும் வயிறு நெறயக் குடிச்சாச்சுன்னாரு."

அன்று அந்தச் சாலையில் யாரும் நடந்து போகவில்லை. அதை எல்லோரும் அறிவோம்.

"எப்படிண்ணே இருந்தாரு?" என்றான் கணேசன், மெல்ல.

"பனில மொகம் எங்க தெரிஞ்சிச்சு தம்பி. காக்கிச் சட்ட. ஒரு காலுல சிலிப்பர் இல்ல."

ஞானமுத்துவின் கையிலிருந்த செம்பு சாய்ந்தபடியே நின்றது. தண்ணீர் டின்னில் நிரம்பி மேசையில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. தவமணி மேசையைச் சுற்றி வந்து அந்த மனிதரின் முன்னால் நின்றாள்.

"குடிச்சிட்டாராண்ணே? நெசமா அவரே சொன்னாரா?"

"சொன்னாரும்மா. போதும்னாரு."

அவள் தலையாட்டினாள். பிறகு ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். அன்றும் மூன்று மணிக்குக் கிளாஸ் வைத்தாள்.

விடுமுறை முடிந்தது, கடை மூடப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பழைய பாதைக்குத் திரும்பினார்கள். வானிலை சீரடைந்ததாகத் துரை எழுதினார். குழாயடியில் தவமணியை யாரும் சீண்டவில்லை. வளைவில் கிளாஸ் வைக்கும் பொறுப்பை இலை லாரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஞானமுத்து மருந்தக வாசலில் ஒரு பானையும் டம்ளரும் வாங்கி வைத்தார். உள்ளே வருகிற யாரானாலும், என்ன நோயானாலும், முதல் கேள்வி "தண்ணி குடிச்சீங்களா?" என்பதே. அவர் ஓய்வுபெற்றுப் போகும்வரை அதுதான் நடைமுறை.

ஞானமுத்துவின் அடக்கத்தன்று, கல்லறைத் தோட்ட வாசலில் அவருடைய மனைவியின் தம்பி என்று ஒருவரை எனக்கு அறிமுகம் செய்தார்கள். ஈப்போக்காரர். முடி நரைத்திருந்தது. இருந்தாலும், அன்று பனியைவிட்டு வெளியே வந்த அதே முகத்துக்குத் தகர டின் இல்லாத குறையை என்னால் உணர முடிந்தது.

"ஆமா, நாந்தான்," என்றார். "அத்தான்தான் அப்படி வந்து கேக்கச் சொன்னாரு. சின்னப் புள்ள மனசு ஆறட்டும்னாரு. என்ன சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதியே குடுத்தாரு."

அது ஞானமுத்துவின் முறைதான். எந்த மருந்துக்கும் சீட்டு எழுதுவார். "சிலிப்பரையும் எழுதியிருந்தாரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அத்தானும் அன்னிக்கு ராத்திரி அதத்தான் கேட்டாரு. தாள்ல இல்லாதத ஏன்டா சொன்னேன்னு. நான் வண்டிய நிறுத்திட்டு நடந்து வர்றப்ப மெய்யாலுமே ஒருத்தரு முன்னால போனாருங்க. பாத்தத சொன்னேன்."

இதைத் தவமணியிடம் மறைப்பது முறையல்ல என்று பட்டது. அவள் இப்போது தாப்பாவில் ஆசிரியை, அடக்கத்துக்கு வந்திருந்தாள். நான் பாதி சொல்வதற்குள் அவளே சொன்னாள்:

"தெரியும் கிராணி ஐயா. மருந்தக மேசைக் கண்ணாடிக்கு அடியில டிரஸரையா கல்யாணப் போட்டோ இருக்குமே, தண்ணி கேட்டு வந்தவரு அதுல இருந்த ஆளுதான். பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு."

அந்த மேசையில், அந்தப் போட்டோவின் மேல், நான் பல ஆண்டுகள் தேநீர்க் கோப்பை வைத்திருக்கிறேன்.

"அப்புறம் எதுக்கும்மா அவர்கிட்ட அப்படிக் கேட்ட?"

"எங்க வீட்டுக்கு ஒத்த சிலிப்பர்தான் வந்திச்சு. அந்தாளு சிலிப்பர்னதும் டிரஸரையா மொகம் மாறிப்போச்சு. அவரு அதத் தாங்க மாட்டாருன்னு பயமா இருந்திச்சு. அதான், அப்பா குடிச்சிட்டாருன்னு அவரு காது கேக்க இன்னொரு வாட்டி சொல்ல வச்சேன்."

என்னிடம் ஞானமுத்துவின் பொருள் எதுவும் இல்லை. மிஞ்சியிருப்பவை இரண்டு பழக்கங்கள். யாராவது எதையாவது கேட்டால், அது எந்த இலாகா என்று யோசிப்பதற்கு முன்னால் எழுந்துவிடுகிறேன். பிளாஸ்க்கை முன்பக்கமாக மாட்டிக்கொள்கிறேன்.

இரங்கல் கூட்டம் சென்ற சனிக்கிழமை நடந்தது. எலுமிச்சைத் தண்ணீர் போதவில்லை. இலை லாரிக்காரர்கள் இப்போது மூன்று மணிக்கு வளைவில் இரண்டு கிளாஸ் வைக்கிறார்கள்.