அளந்து கொடுத்த தண்ணீர்

வைத்தியசாலையில் என் கணவருக்குக் கதீற்றர் (சிறுநீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய்) போட்டபோது பையில் இறங்கியது பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் இருந்தது. அதுவும் ஒரு மிடறு அளவுதான். இரண்டு நாளாகக் காய்ச்சலும் நடுக்கமும். என்னை அடையாளம் தெரியாமல் தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு கோபம் வந்தது.

நாங்கள் தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊர்க்காரர். இவர் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடியவர். இரண்டு வருடங்களுக்கு முன் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் அழுத்தக்குறைவு நோய் (இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகி நரம்புகளைத் தாக்குவது) வந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சிறுநீர் போவதும் தெரியாது. கைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வருடம் வீட்டில் நின்று அவரைப் பார்த்தேன். பிறகு நண்டுக் கம்பனியில் சதை எடுக்கும் என் பழைய வேலைக்குத் திரும்பினேன். காலையில் போனால் பின்னேரம்தான் வருவேன். அங்கே பெண்கள் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழும்பிப் போக வேண்டும். எழும்பினால் மேற்பார்வையாளரின் முகம் மாறும். வருடக்கணக்கில் அப்படிப் பழகிய உடம்பு என்னுடையது. என்னால் முடிகிறது, படுத்துக் கிடக்கிறவருக்கு ஏன் முடியாது என்று நினைத்தேன்.

வீட்டில் நோயாளி ஒருவரைப் பராமரித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் அவரை அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. காலையில் துடைத்து, பம்பர்ஸ் (சிறுநீரை உறிஞ்சும் அணையாடை) மாற்றி, சாப்பாட்டோடு அரைக் கோப்பை தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவேன். ஈரத்தில் கிடந்தால் படுக்கைப் புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் அழிந்து வரும் புண்) வரும் என்று பயம். வேலை முடிந்து வந்து கழுவ அலுப்பு. இரண்டும் உண்மை. முதல் மாதம் தண்ணீர் கேட்டார். "பின்னேரம் வந்து தாறன், பொறுங்கோ" என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பழகிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மருந்து ஏறி மூன்றாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது. வாட்டுக்கு வந்த டொக்டர் இளம் பெண்.

"அக்கா, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. இவரோட தனியக் கதைக்கோணும்" என்றார்.

"அவருக்கு எல்லாம் நான்தான் சொல்லுறது" என்றேன்.

"ஓம். இண்டைக்கு அவரிட்டக் கேக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் மலமும் சலமும் அள்ளியவள் நான். திரைச்சீலைக்கு வெளியே போனேனே தவிர, தள்ளிப் போகவில்லை.

இவருடைய குரல் கேட்டது. "தண்ணிப் போத்தலை அலுமாரிக்கு மேல வைச்சிட்டுப் போறவ, டொக்டர். எனக்கு எட்டாது."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே பாய்ந்து போய், யாருக்காக நான் இந்தப் பாடு படுகிறேன் என்று கேட்க வாய் வந்தது. கால் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

டொக்டர் வெளியே வந்து, நீரிழப்பு (உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது) என்றும், அதனால்தான் சிறுநீரகம்வரை கிருமி ஏறியது என்றும் விளக்கினார்.

"நான் வேணுமெண்டு செய்யேல்ல" என்றேன்.

"தெரியும் அக்கா. ஆனா வேணுமெண்டு செய்தாலும் செய்யாட்டியும் அவருக்குத் தாகம் ஒண்டுதான். பராமரிப்பு இல்லம் ஒண்டு இருக்கு. அங்க போறதோ, வீட்ட போறதோ எண்டு அவரே சொல்லட்டும்."

இரண்டு நாள் இவர் பதில் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். கல்யாணம் பேசிய காலத்தில்கூட இவருடைய வாயை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மருந்து கொடுக்க வந்த தாதியிடம் சொன்னார்: "வீட்ட போறன். போத்தல் என்ர கைக்குக் கிட்ட இருக்கோணும். மத்தியானத்தில என்ர அக்கா வந்து பாக்கோணும்."

ஓலைத்தொடுவாயிலிருந்து அவருடைய அக்கா இப்போது தினமும் மத்தியானம் வந்து பம்பர்ஸ் மாற்றிவிட்டுப் போகிறார். சமூக சேவை உத்தியோகத்தரும் சொல்லாமல் வந்து பார்ப்பார். முதலில் அவமானமாக இருந்தது. இப்போது கதிரை எடுத்துப் போடுகிறேன்.

வேலையிடத்தில் நானும் தண்ணீர் குடிக்கிறேன். முகம் மாறுகிறவர்களுக்கு மாறட்டும். முதல் நாள் ஒரு போத்தல் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, இவ்வளவு தாகத்தோடா இத்தனை வருடம் இருந்தேன் என்று பயந்துபோனேன். என் நாள் இப்போது இரண்டு மணித்தியாலத் துண்டுகளாகப் போகிறது. வீட்டில் நின்றால் அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும் நேரம் அது; வேலையில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால், நண்டு உடைக்கும் கை தானாக நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை கிளினிக். டொக்டர் சொல்வதற்கு முன்பே எழும்பி வெளியே போய், காதுக்கு எட்டாத தூரத்தில் நீள வாங்கில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பேச்சு நீண்டால், அந்த மாதத்தில் எங்கே பிழை விட்டேன் என்று ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்ப்பேன். என்ன கதைத்தீர்கள் என்று அவரிடம் கேட்பதில்லை.

போனமுறை ஓட்டோவில் வரும்போது அவராகவே சொன்னார். "இண்டைக்கு உன்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல."

"சொல்ல இருந்தால் சொல்லுங்கோ" என்றேன்.

"சொல்லுவன்" என்றார்.

வீடு வரும்வரை எனக்கு மனம் லேசாக இருந்தது.