ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே

சுகுமாறன் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சவுண்ட் என்ஜினியர். அதில் முதல் இருபது ஆண்டுகள் காப்பார், மேரு பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று சொல்லிக் கழிந்தவை. த்ரீக்கு மேல் எண்ணும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, வாசலில் ஸ்டூடியோ என்று பலகை மாட்டினார். பலகையோடு என்ஜினியர் பட்டமும் முன்தேதியிட்டு வந்து சேர்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் புதிய கன்வெர்ட்டரைப் பிரித்தார். மைக்கில் போகும் குரலை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி அது. லோகேஸ்வரி டீச்சரின் எட்டுப் பக்திப் பாடல்களுக்காகவே வாங்கியது. தமிழ்ப்பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒன்பதரைக்கு வருவார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முதல் பாட்டு தொடங்கியாக வேண்டும். தொடங்கிவிட்டால், சுகுமாறன் ஒலிப்பதிவு செய்யும் முதல் முழு ஆல்பம் இது. தவறினால் கிள்ளானில் வேறு ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே ஏர்கோனும் தண்ணீர் ஒழுகாமல் குளிரும்.

பெட்டியோடு வந்த கையேட்டை மரியாதையாக எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அண்டக் கொடுத்தார்.

"படிச்சுப் பாக்கலையா?" என்றாள் மனைவி உஷாராணி.

"தெரியாதவன் படிப்பான்லா."

கேபிளைச் செருகியதும் ஸ்பீக்கரில் கடுகு பொரிகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம். கணினியோடு ஏற்கெனவே இருந்த பழைய பெட்டியும் புதிய பெட்டியும் ஆளுக்கொரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நான் சொல்வதுதான் நேரம் என்று அடம்பிடித்தன. எத்தனையோ கோயில் கமிட்டிக் கூட்டங்களுக்கு மைக் போட்டவருக்கு இது புதிதல்ல. புதியதைத் தலைவராக்கி, பழையதைப் பின்பற்றச் சொன்னார். சத்தம் நின்றது. தலைவர் எந்த வேகத்தில் ஓடுகிறார் என்று மட்டும் பார்க்கவில்லை. அதையும் கமிட்டிகளில்தான் கற்றிருக்க வேண்டும்.

உஷாராணி பெட்டியின் முகப்பில் மூன்று கோடு விபூதி பூசி, நடுவில் சந்தனம் குழைத்து, குங்குமப் பொட்டும் வைத்தாள். மற்ற விளக்குகள் எரிந்தன. பொட்டுக்கு அடியிலும் ஏதோ எரிந்திருக்கும்.

டீச்சர் வந்தார். காதில் ஹெட்போனை மாட்டி, முன்பே செய்து வைத்திருந்த இசைத்தடத்தோடு ஒத்திகைக்குப் பாடினார். பல்லவி எப்படியோ போனது. சரணத்தில் மேலே ஏறும்போது குரல் உடைந்தது. ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, சுருதி ஏறியிருக்கு."

"இல்ல டீச்சர். நீங்க கேட்ட அஞ்சு கட்டைதான். வயசாகுதில்ல, காலையில தொண்டை கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

உஷாராணி கணவனைப் பார்த்த பார்வையில் ஏர்கோன் கொஞ்சம் வேலை செய்தது போலிருந்தது.

டீச்சர் ஹேன்போனில் இருந்த சுருதிப் பெட்டியைத் தட்டினார். "மறுபடி போடு. அஞ்சு இல்ல. அஞ்சரையா, அதுவும் இல்ல. ஆறா, ஆறும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல தொங்குது. வயசானா என் தொண்டைதானே எறங்கணும், உன் மியூசிக் எதுக்கு ஏறுது?"

"மெஷின் பொய் சொல்லாது டீச்சர்."

"பாட்டு எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிசம் அஞ்சு செகண்டு. ஸ்கிரீன்லயே போட்டிருக்கு."

டீச்சர் ஹேன்போனில் நேரம் பிடித்தார். பாட்டு முடிந்தபோது மூன்று நிமிடம் நாற்பத்தைந்து.

"இருபது செகண்டு எங்க தம்பி?"

சுகுமாறனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒலியை நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் துண்டாக நறுக்கித்தான் இசைத்தடத்தைச் செய்திருந்தார்கள். பெட்டி நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு விழுங்கினால் பாட்டு ஓடத்தான் செய்யும், சுருதியும் ஏறத்தான் செய்யும். எந்த வேகம் என்று காட்டும் விளக்கு முகப்பின் நடுவில், பொட்டுக்கு அடியில் இருந்தது. கை நீண்டது. வெள்ளிக்கிழமை, புதுச் சாமான், அதன் பொட்டை அழிப்பதா? கை திரும்பி வந்தது.

மணி பத்து பதினெட்டு. டீச்சர் கைப்பையை எடுத்தார். "நான் கிள்ளானுக்கே போறேன். அங்க என் வயசைக் கேக்க மாட்டாங்க."

"இருங்க டீச்சர்," என்றாள் உஷாராணி. "வெச்சவ நான். எடுக்கிறதும் நானே எடுக்கிறேன்." துப்பட்டா முனையால் ஒரே துடைப்பு. பச்சை விளக்கு 48 என்றது.

அதை மாற்றும் பொத்தான் எது என்று சுகுமாறனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் முதன்முறையாகக் குனிந்து மேசைக்காலுக்கு அடியிலிருந்து கையேட்டை உருவினார். மேசை ஆடியது. ஒன்பதாம் பக்கம்: பொத்தானை ஐந்து நொடி அமுக்கிப் பிடிக்கவும். பிடித்தார். 44.1 எரிந்தது.

இசைத்தடத்தைப் போட்டதும் டீச்சர் தலையசைத்தார். "அஞ்சு. ஆனா நான் பாடுறதுக்கு முன்னால நீ மைக்ல நில்லு. டெஸ்டிங் உனக்குத்தான் பழக்கம்."

பதிவு ஓடத் தொடங்கியது. "ஹலோ, மைக் டெஸ்டிங்..."

"அது இல்ல," என்றார் டீச்சர்.

"டீச்சர் தொண்டையில ஒரு தப்பும் இல்ல. தப்பு பெட்டியில."

டீச்சரின் கை மறுபடி பையை நோக்கிப் போனது.

"தப்பு என்கிட்ட," என்றார் சுகுமாறன்.

டீச்சர் அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். ஒரு டிக் கூட இல்லாமல் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. அதை அழிக்க வேண்டாம் என்றார். பத்து இருபத்தெட்டுக்குப் பாட்டைத் தொடங்கினார். கையேடு இன்னும் சுகுமாறன் கையிலேயே இருந்ததால், நாலு நிமிடம் அஞ்சு செகண்டும் உஷாராணி அந்த மேசையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.